ஏறி அமர்ந்தவரின் பாத்தியதை

முத்துக்குளிப்பு நடைபெற்று வந்த காலங்களில், சுறா மீன்களின் வாயை மந்திரத்தால் கட்டிவிடுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி' என்பவர் கரையில் நின்றாலன்றிக் கடலில் இறங்கமாட்டோம் என்று குளிப்பவர்கள் உறுதியாக இருந்தமையால், அவருக்குரிய ஊதியத்தையும் குளிப்பின் செலவுகளில் ஒன்றாகவே சர்க்கார் ஏற்றுக்கொண்டிருந்தது. மந்திரத்தில் ஆங்கில அதிகாரிகளுக்கு நம்பிக்கை இருந்ததில்லை; ஆயினும் எடுத்த சிப்பியில் பெரும்பங்கைத் தனக்கென ஒதுக்கிக்கொண்ட சர்க்கார், ஒருவரை அபாயத்துக்குள் அனுப்பி அதனால் ஆதாயம் பெறுகிறவர் அவருடைய தேகத்துக்கு ஏதோ ஒருவிதத்தில் பொறுப்பாளி என்னும் நியாயத்தை, அந்த ஊதியத்தைக் கொடுத்ததன் மூலம் தன்னையறியாமலே ஒப்புக்கொண்டிருந்தது என்று நான் கருதுகிறேன். 1961-ஆம் ஆண்டுடன் தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அந்த நியாயம் மட்டும் கடலைவிட்டுக் கரையேறி, இன்று சாலைகளில் வேறு உருவத்தில் நம்மைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது.

தூத்துக்குடி 1974-இல் பெருந்துறைமுகமாயிற்று. அன்றிலிருந்து, மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் செல்லும் நெடுஞ்சாலைகளிலும், வடக்கே வேம்பாரை நோக்கியும் தெற்கே திருச்செந்தூரை நோக்கியும் செல்லும் கரையோரச் சாலைகளிலும், நிலக்கரியும் உப்பும் மரத்தடியும் கண்டெய்னர்களும் ஏற்றிய பெருலாரிகளுக்கு நடுவே, பேருந்துகளிலும் வேன்களிலும் ஷேர் ஆட்டோக்களிலும் சுமை வண்டிகளின் பின்தட்டிலும் ஏறி அன்றாடம் பயணம் செய்கிற ஜனங்களின் தொகை பெருகிக்கொண்டே வந்திருக்கிறது. இவர்களுள் ஒருவர் விபத்தில் காலையோ கையையோ இழந்தால் அவருக்குச் சட்டம் என்ன தருகிறது என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை. அவர் எந்த வண்டியில் ஏறினார், அந்த வண்டிக்கு எவ்வகை இன்ஷூரன்ஸ் இருந்தது, எந்த அந்தஸ்தில் அதில் அமர்ந்திருந்தார் என்பவற்றைப் பொறுத்து விடை மாறிக்கொண்டே போகிறது. இந்த மாறுதல் எவ்வளவு தூரம் நியாயமானது என்பதே இக்கட்டுரையின் விசாரணைப் பொருள்.

பழைய ஆங்கிலச் சட்ட மரபில், காயமுற்றவர் இறந்துவிட்டால் அவருடைய வழக்கும் அவரோடே இறந்துவிடும் என்பது கோட்பாடாக இருந்தது. அதன் கொடுமையைத் தணிக்கவே இந்தியாவில் 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டம் பிறந்தது. சாலை வாகனங்களுக்கான விரிவான சட்டம் 1939-இல் இயற்றப்பட்டு, மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் கட்டாயமாயிற்று; 1956-இன் திருத்தம், சிவில் நீதிமன்றத்தின் நீண்ட படிக்கட்டுகளில் ஏற இயலாதவர்களுக்காக நஷ்டஈட்டுத் தீர்ப்பாயங்களைத் தனியே அமைக்க வழிசெய்தது. இப்போது நடைமுறையிலிருப்பது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன்படி, விபத்து நடந்த இடத்தில்தான் மனுச் செய்யவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. காயமுற்றவர் வசிக்கும் இடத்திலுள்ள தீர்ப்பாயத்திலும், எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்திலுள்ள தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். சென்னைக்கருகே பேருந்து கவிழ்ந்து காயமுற்ற காயல்பட்டினத்துக்காரர் தூத்துக்குடியிலேயே வழக்காடலாம் என்பது சிறு சலுகையாகத் தோன்றினும், கட்டுப்போட்ட காலோடு ஊர் ஊராக அலைய முடியாதவருக்கு அதுவே பெரிய உபகாரம். மேல்முறையீடும், 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டபின், தென் மாவட்டத்தாருக்குச் சற்றே அருகில் வந்திருக்கிறது.

பயணியின் உரிமை பற்றிய சிந்தனையில் தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற ஒரு வழக்கு நிலையான இடம் பெற்றிருக்கிறது. இருட்டிய பின் சென்றுகொண்டிருந்த ஒரு தனியார் பேருந்து, சாலையின் குறுக்கே தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதியது. 26 பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களுள் 8 பேர் அந்த இடத்திலேயே மாண்டார்கள். கம்பி தொங்குகிறது என்று உள்ளிருந்த பயணிகள் கூக்குரலிட்டும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கவில்லை என்பது தீர்ப்பாயத்தின் முடிவு. ஆனால் குற்றவியல் நீதிமன்றமோ நடந்தது தெய்வச் செயல் என்று சொல்லி ஓட்டுநரை விடுவித்திருந்தது. அந்த விடுதலையைக் காட்டி நஷ்டஈட்டிலிருந்தும் தப்பலாம் என்று பேருந்து உரிமையாளர் செய்த முயற்சியை, 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அடங்கிய அமர்வு நிராகரித்தது. தண்டனை விதிப்பதற்குத் தேவையான பிரமாணம் வேறு, நஷ்டஈடு வழங்குவதற்குத் தேவையான பிரமாணம் வேறு என்பதையும், அங்கே இங்கே ஒரு சந்தேகத்தைக் காட்டிக் குற்றமுள்ள ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் பொறுப்பிலிருந்து நழுவத் தீர்ப்பாயங்கள் இடங்கொடுக்கலாகாது என்பதையும் அத்தீர்ப்பு வலியுறுத்திற்று. இன்றளவும் குற்றவியல் வழக்கில் ஓட்டுநர் விடுதலையாகிவிட்டார் என்று கேட்டவுடன் மனமொடிந்து தம் மனுவையும் கைவிட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இந்த ஒரு வழக்கின் செய்தி எட்டியிருந்தால் போதுமே என்று நான் ஏங்குவதுண்டு.

இவ்வழக்கில் என் மனத்தை மிகவும் உறுத்துவது அந்தக் கூக்குரல். பாதசாரி சற்றே ஒதுங்கலாம். எதிரே வரும் வாகனத்தை ஓட்டுகிறவர் தம் சக்கரத்தைத் திருப்பலாம். உள்ளே அமர்ந்திருக்கும் பயணியோ அபாயத்தைக் கண்ணாரக் கண்டும் கூக்குரலிடுவதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாதவர். ஆகவேதான், இரண்டு வாகனங்கள் மோதிக்கொள்ளும்போது எந்த ஓட்டுநர் மீது எத்தனை பங்கு தவறு என்னும் தர்க்கத்துக்காகப் பயணியைக் காக்கவைக்கலாகாது என்று சட்டம் கொள்கிறது. துறைமுகச் சாலையில் ஒரு வேனும் கண்டெய்னர் லாரியும் மோதினால், வேனுக்குள் இருந்தவர் தமக்குரிய முழுத்தொகையையும் இருவரில் எவரிடமிருந்தும் பெறலாம். கொடுத்தவர் மற்றவரிடமிருந்து தம் பங்கை வசூலித்துக்கொள்வது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ளவேண்டிய கணக்கு. 2015-இல் உச்ச நீதிமன்றம் இதை ஐயமறத் தெளிவுபடுத்தியது. மோட்டார் சைக்கிளில் மூவராகச் சென்றார்கள் என்ற ஒரே காரணத்தால் பின்னிருந்தவரின் நஷ்டஈட்டைக் குறைத்துவிடக் கூடாது, அந்த மீறல்தான் விபத்துக்கோ காயத்தின் மிகுதிக்கோ காரணமாயிற்று என்று நிரூபித்தாக வேண்டும் என்று 2020-இல் வந்த தீர்ப்பும் இந்த மனப்பான்மையின் தொடர்ச்சியே.

தவறில்லாதவர் பயணி என்பதைச் சட்டம் இவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தும், பணம் எங்கிருந்து வரும் என்னும் இடத்துக்கு வந்ததும் அதன் தெளிவு கலங்கிவிடுகிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்றால் தீர்ப்பு பணமாகும்; ஏற்காவிட்டால், ஒரே ஒரு பழைய வண்டியைத் தவிர வேறு சொத்தில்லாத உரிமையாளருக்கு எதிராகக் கையில் ஒரு காகிதம் இருக்கும், அவ்வளவே.

இந்த வேறுபாடு எவரை வதைக்கிறது என்பதை உப்பளங்களில் காணலாம். குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கும் இக்கரையில், வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் இறங்கியாக வேண்டுமென்பதால், விடியுமுன்பே தொழிலாளர்கள் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அந்நேரத்தில், அவ்வழியில் பேருந்து கிடைக்காதபோது, மக்கள் 'குட்டி யானை' என்று அழைக்கும் சிறு சுமை வண்டியோ, டிராக்டரின் டிரெய்லரோதான் கதி. ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் இம்மக்களின் வாழ்க்கையை எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அவர்கள் பயணம் சரக்கோடு சரக்காகவே நடைபெற்று வருகிறது. சுமை வண்டியில் ஏறியவருக்குச் சட்டம் சொல்வதென்ன? 1994-இன் திருத்தம், சரக்கின் சொந்தக்காரரையும் அவருடைய பிரதிநிதியையும் கட்டாய இன்ஷூரன்ஸின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அதாவது, ஏலக்கூடத்தில் மீன் வாங்கிக் கூடையோடு லோடு ஆட்டோவில் ஏறிய மீன்காரப் பெண்ணுக்கு, அந்தக் கூடை காரணமாகப் பாதுகாப்பு உண்டு. வெறுங்கையோடு, கூலிக்கு உழைக்கும் உடம்பை மட்டுமே எடுத்துக்கொண்டு ஏறிய உப்பளப் பெண்ணுக்கு அது இல்லை. அவர் ஓட்டுநரிடம் காசு கொடுத்து ஏறியிருந்தாலும் இல்லை. சுமை வண்டி ஆட்களை ஏற்றுவதற்குரியதன்று, ஆகவே அவர்களுக்காகக் கம்பெனி பிரீமியம் வாங்கவில்லை என்பது காரணம். 1999-இல் ஒரு முறை உச்ச நீதிமன்றம் இவர்களையும் பாதுகாப்புக்குள் அணைத்துக்கொண்டது. 2002-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றிவிட்டது. 2019-இன் திருத்தமோ, சுமை வாகனத்தில் இலவசமாக ஏறியவரை விலக்குவதாக வெளிப்படையாகவே எழுதிவைத்துவிட்டது. கம்பெனி முதலில் செலுத்திவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சில வழக்குகளில் நீதிமன்றங்கள் ஆணையிட்டதுண்டு. அது அந்தந்த வழக்கில் பிறந்த கருணை, எல்லோரும் கேட்டுப்பெறும் பாத்தியதையாக அது முதிரவில்லை.

வண்டிக்கு உரியவரே தொழிலாளியின் முதலாளியாகவும் இருந்துவிட்டால் வேறொரு கதவு திறக்கும். 1923-இன் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் வழியிலும், இப்போது அதன் இடத்தை ஏற்றிருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் வழியிலும், வேலைக்குச் செல்லும் பயணத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் முதலாளியிடம் ஈடு கேட்கலாம். இதையும் மோட்டார் சட்டத்தையும் ஒருங்கே பற்ற முடியாது, ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆனால் உப்பளத்தில் ஆட்களைத் திரட்டுகிறவர் ஒருவர், வண்டிக்காரர் வேறொருவர், பாத்தியின் குத்தகைக்காரர் மற்றொருவர் என்றிருக்கும்போது, தன் முதலாளி யார் என்பதை அந்தப் பெண்ணே நிரூபிக்க வேண்டியவளாகிறாள். சரக்குக்கு உள்ள காவல் உழைப்பாளிக்கு இல்லை என்பதைச் சட்டத்தின் வெறும் இடைவெளி என்று கடந்துபோக என்னால் இயலவில்லை, இது அநீதி. சுமை வண்டியில் ஆளேற்றுவது தவறுதான். அத்தவறுக்கு உரிமம் ரத்தாகட்டும், அபராதம் விதிக்கட்டும். அதன் தண்டனையை முறிந்த இடுப்போடு கிடப்பவள் ஏன் அனுபவிக்க வேண்டும்?

சொந்தக் காரிலோ மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையிலோ சென்றவரின் நிலையும் உரிமையாளர் எடுத்த பாலிசியைப் பொறுத்தது. சட்டம் விதிக்கும் குறைந்தபட்சப் பாலிசி மட்டும் இருந்தால், இலவசமாகப் பின்னால் அமர்ந்து வந்தவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. முழுப் பாலிசி இருந்தால், காருக்குள் இருப்பவரும் பின்னிருக்கைக்காரரும் அதில் அடக்கம்; இதை இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கையாலும், உச்ச நீதிமன்றம் பின்னர் தீர்ப்பாலும் உறுதிசெய்தன. பிரீமியத்தில் சிறிது மிச்சப்படுத்துவதாக எண்ணிக் குறைந்தபட்சப் பாலிசியை எடுப்பவர், தம் பின்னால் அமரும் மனைவியின் பாதுகாப்பை அதற்கு விலையாகக் கொடுக்கிறார் என்பதை அவருக்கு எடுத்துச்சொல்லும் ஏஜெண்டுகள் சிலராவது இருக்கக் கூடாதா?

திருச்செந்தூரின் சூரசம்ஹாரத்துக்கும், ஆகஸ்டு 5-ஆம் நாளின் பனிமய மாதா திருவிழாவுக்கும் வரும் வேன்களில் அனுமதித்த தொகைக்கு மேல் ஆட்கள் இருப்பது கண்கூடு. அவ்வாறு மிகுதியாக ஏற்றிய வண்டி கவிழ்ந்தால், அனுமதித்த எண்ணிக்கையளவுக்கே கம்பெனி பொறுப்பாளி என்று 2007-இல் தீர்ப்பாயிற்று. எவ்விருக்கை யாருடையது என்று ஆராய முடியாதாகையால், வழங்கப்பட்ட தொகைகளுள் உயர்ந்தவற்றை அந்த எண்ணிக்கையளவுக்குக் கணக்கிட்டுக் கம்பெனி செலுத்த, அதை எல்லோருக்கும் விகிதப்படி பகிர்ந்தளிப்பது முறை. எஞ்சியதற்கு உரிமையாளரைத்தான் நாடவேண்டும். ஓட்டுநருக்குச் சரியான உரிமம் இல்லை என்னும் வாதம் மட்டும் இப்போது பயணியை அவ்வளவாகத் தீண்டுவதில்லை. 2004-இன் தீர்ப்புப்படி, கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குச் செலுத்திவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கும்படி ஆணையிடப்படுவதே வழக்கம். இலகு ரக உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு முடிவுசெய்தது.

அரசுப் பேருந்தில் காயமுற்றவர்களுக்கு நேர்வது வேறுவகைத் துன்பம். போக்குவரத்துக் கழகங்கள் தனி நிதி வைத்துக்கொண்டு கட்டாய இன்ஷூரன்ஸிலிருந்து விலக்குப் பெறச் சட்டம் இடமளிக்கிறது. பொறுப்பு மறுக்கப்படுவதில்லை, பணம்தான் வருவதில்லை. தீர்ப்பு வந்து ஆண்டுகள் கழிந்தபின் நிறைவேற்று மனுப்போட்டு, நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கே சென்று, புறப்படத் தயாராயிருக்கும் பேருந்தை ஜப்தி செய்கிற காட்சி தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் நிகழ்ந்திருக்கிறது. ஏறி அமர்ந்த பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி நிற்க, இன்னொரு பயணிக்குப் பல்லாண்டுகளுக்கு முன் நேர்ந்த காயத்தின் கடன் அவ்விதம் வசூலாவது, நல்லரசு ஒன்றுக்கு அழகாகாது.

இனி, தொகை எவ்வாறு நிர்ணயமாகிறது என்பதைக் காண்போம். வைத்தியச் செலவு, படுக்கையில் கிடந்த காலத்தின் வருமான இழப்பு, உடனிருந்து பராமரித்தவரின் உழைப்பு, சிறப்பு உணவு, போக்குவரத்து, வலி வேதனை, வருங்கால வைத்தியம் ஆகிய யாவும் கணக்கில் சேரும். இவற்றுள் பெரியது சம்பாதிக்கும் ஆற்றலின் இழப்பு. மருத்துவர் ஓர் அங்கத்துக்கு எழுதித்தரும் ஊன விழுக்காட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது, அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு பாதித்தது என்று பார்க்கவேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது: இடக்கை போனால் ஓட்டுநரின் பிழைப்பு ஏறக்குறைய முழுவதும் போகும், எழுத்தருக்கோ வேலை நிலைக்கவும் கூடும். இந்த அளவுகோலை இக்கரையின் தொழில்களுக்குப் பொருத்திப் பார்க்கையில் அதன் அருமை விளங்கும். செவிப்பறை கிழிந்த எழுத்தருக்கு அது சிறு ஊனம். சங்குகுளிப்பவருக்கு அதுவே தொழிலின் முடிவு. முழங்கால் மடங்காத பெண் உப்பு வாரவும், தலைச்சுமை தூக்கி வரப்பேறவும் முடியாது.

உதாரணமாக, மாதம் 9,000 ரூபாய் ஈட்டிய 38 வயதுத் தொழிலாளி ஒருவரின் உழைப்பாற்றல் 40 விழுக்காடு குறைந்ததெனக் கொள்வோம். ஆண்டு வருமானம் 1,08,000. 36 முதல் 40 வயது வரையிலானோருக்கு 2009-இன் தீர்ப்பு வகுத்த பெருக்கெண் 15. ஆகவே 16,20,000-இல் 40 விழுக்காடு 6,48,000 ரூபாய். 2017-இன் அரசியல் சாசன அமர்வு, நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழிலாளிக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 விழுக்காடு சேர்க்கச் சொல்லியிருப்பதால், அது 9,07,200 ஆகிறது. இவ்வளவும் அந்த 9,000 என்னும் எண்ணின் மேல் நிற்கிறது. சம்பளச் சீட்டே கண்டிராதவரிடம் அந்த எண்ணுக்கு ஆதாரம் கேட்பது எவ்வளவு பொருந்தும்? கூலித் தொழிலாளியிடம் ஆவணம் எதிர்பார்க்கலாகாது, அவர் சொல்லும் தொகை நம்பத்தகுந்ததாயின் ஏற்கலாம் என்று 2011-இலும், காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில் 2014-இலும் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது அவ்வகையில் ஆறுதல். ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து உப்பளம் மூடிக்கிடக்கும் மாதங்களைக் காட்டி வருமானத்தைக் குறைக்க எதிர்த்தரப்பு முயலுமாயின், அம்மாதங்களில் அவர்கள் வேறு கூலிக்குச் செல்வதையும், அரசே நிவாரணம் வழங்குவதையும் எடுத்துக்காட்ட வழக்கறிஞர் தவறலாகாது.

தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே, மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2½ லட்சமும் பெறும் வழியை 2019-இன் திருத்தம் ஏற்படுத்தி, அது 2022 ஏப்ரல் 1 முதல் அமலாயிற்று. அதே நாளில் அமலான இன்னொரு விதி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்கிறது. 1994-இல் நீக்கப்பட்ட காலவரம்பு இவ்வாறு திரும்பி வந்திருப்பது எனக்கு உடன்பாடன்று. எலும்பு கூடுவதற்கே சிலருக்கு ஆறு மாதமாகிறது. கடலுக்குச் சென்றவரின் குடும்பமோ, எழுத்தறியாத உழைப்பாளியோ அதற்குள் வழக்கறிஞரை நாடுவது எவ்வாறு? அவ்விதியின் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு உள்ளாகியிருக்கிறது என்றாலும், காயமுற்றவர்கள் அந்த நம்பிக்கையில் காலங்கடத்தாமல், உடனே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுவதே விவேகம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உடனடி வைத்தியத்துக்கு, 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரத்தையும், 2025 மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்த திட்டம் ஏழு நாள்வரை ஒன்றரை லட்சம் ரூபாயையும் ஏற்கின்றன.

மதராஸிலிருந்து வரும் ரயிலில் தூத்துக்குடி வந்திறங்கி, இங்கிருந்து கப்பலேறிக் கொழும்பு செல்வதே 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை வழியாக இருந்தது. ரயிலும் கடலும் ஒரே பயணத்தின் இரு பாதிகளாயிருந்த இவ்வூரில், அவ்விரண்டு பயணிகளுக்கும் இன்று கிடைக்கும் பாதுகாப்பை ஒப்பிட்டுப் பார்ப்பது பொருத்தமே. ரயிலிலிருந்து தவறி விழுந்தவருக்கு, ரயில்வேயின் தவறு நிரூபிக்கப்படாமலே ஈடு உண்டு. மரணத்துக்கான தொகை 2017 ஜனவரி முதல் 8 லட்சம். கதவருகே நின்றதும், டிக்கெட் கண்டெடுக்கப்படாததும் மட்டுமே உரிமையை அழித்துவிடா என்று 2018-இல் தீர்ப்பாயிருக்கிறது. பயணியின் தேகத்தை மட்டுமே பார்க்கும் சட்டம் ஒன்றை இந்நாட்டால் எழுத முடியும் என்பதற்கு ரயில்வே சட்டமே சான்றாக நிற்கிறது.

கடலிலோ நிலைமை தலைகீழ். 2017 பிப்ரவரியில் மணப்பாட்டுக் கடலில் உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்த பலர் உயிரிழந்தார்கள். சாலையில் ஓடுவதற்கேற்ப அமைந்த இயந்திர ஊர்தியே மோட்டார் வாகனம் என்று சட்டம் வரையறுத்திருப்பதால், படகில் சென்றவருக்கு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் இல்லை. தவறின்றியே கிடைக்கும் 5 லட்சமும் இல்லை. 2021-இன் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் ஆறுகளையும் உப்பங்கழிகளையும் நோக்கியதேயன்றித் திறந்த கடலை நோக்கியதன்று. படகில் காசு கொடுத்து ஏறியவராயின் சேவைக் குறைபாடு என்று காட்டி இரண்டாண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அல்லது 1855-இன் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, அதே இரண்டாண்டுக்குள், கேட்கும் தொகைக்கேற்ற நீதிமன்றக் கட்டணத்தைச் செலுத்தி, சிவில் நீதிமன்றத்தில் படகோட்டியின் தவறை நிரூபித்தாக வேண்டும். வென்றாலும், தீர்ப்பை நிறைவேற்ற எஞ்சுவது கவிழ்ந்த படகே. பயணி ஏற்றும் எந்தப் படகுக்கும், ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கைக்கேற்ற கட்டாய இன்ஷூரன்ஸ் இன்றி உரிமம் தரலாகாது என்று மாநில அரசு விதி செய்வதும், சுமை வாகனப் பிரீமியத்தில் ஏறியவர் அனைவரையும் சேர்த்து, விதிமீறிய உரிமையாளரிடம் பிறகு வசூலிக்கும் அதிகாரத்தைக் கம்பெனிக்கு வழங்குவதும், இன்றைய நிலையிலேயே செய்யக்கூடிய இரண்டு திருத்தங்கள். முன்னதற்கு மணப்பாடும், பின்னதற்கு ஒவ்வொரு நாள் விடியலிலும் உப்பளச் சாலையில் செல்லும் வண்டிகளும் போதிய காரணங்களாகும்.